எடைச்சீட்டிலிருந்து சர்வர் வரை: பேக்எண்ட் எழுதப் பழகுவது எப்படி

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் இறங்குதளங்களில் விடியற்காலையில் மீன் இறங்குகிறது, தராசில் ஏறுகிறது, ஒருவர் எடையைச் சொல்ல இன்னொருவர் நோட்டில் எழுதுகிறார். ஒரு வரி இரண்டு தடவை ஏறினாலும், ஒரு சைபர் விட்டுப்போனாலும், சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது தகராறுதான். பேக்எண்ட் என்பது அந்த நோட்டைப் பிடித்திருக்கும் ஆளின் வேலை. போன் திரையில் தெரியும் பட்டனும் நிறமும் முன்பக்கம். பட்டனை அழுத்தியதும் தகவல் எங்கே போகிறது, யாருக்கு அனுமதி இருக்கிறது, எப்படிப் பதிவாகிறது, கேட்கும்போது அப்படியே திரும்பி வருகிறதா என்பதெல்லாம் பின்பக்கம். அந்த வேலையைச் செய்யும் நிரலும் அது ஓடும் கணினியும்தான் சர்வர்.

புதிதாகப் பழகுகிறவர்களில் நிறையப் பேர் எந்த மொழி, எந்த ஃபிரேம்வொர்க் என்று தேடுவதிலேயே மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள். பதிவு சரியாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அவர்கள் வந்து சேர்வதே இல்லை. இந்தக் கையேடு அந்தக் கேள்வியில்தான் நிற்கும். கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஒரே ஒரு திட்டம்

பத்துச் சின்னப் பயிற்சிகளைவிட ஒரு திட்டத்தைக் கடைசிவரை கட்டுவது மேல். இங்கே எடுத்துக்கொள்வது விசைப்படகு ஒன்றின் கணக்கு: படகு, மீன்பாடு, எடைச்சீட்டு, செலவு, முன்பணம். கடல் தொழிலோடு தொடர்பு இல்லாத வீடு என்றால் முண்டு மிளகாய்க் கமிஷன் கடை நோட்டு, கீழக்கரை ஜவுளிக்கடைக் கடன் நோட்டு என்று எதுவும் ஆகும். உண்மையாக ஒருவர் எழுதிவரும் நோட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கற்பனையில் செய்த கணக்கில் சிக்கலே வராது. சிக்கல் வராத இடத்தில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

நோட்டைப் பார்க்கப் போகும் நேரமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மராமத்து நடக்கும், உரிமையாளரிடம் உட்கார்ந்து பேச முடியும். தொழில் நடக்கும் மாதங்களில் ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிப் போய் மறுநாள் கரை திரும்பும். திரும்பும் காலையில் போய்க் கேள்வி கேட்காதீர்கள்.

நோட்டில் பார்க்க வேண்டியவை: ஒரு வரியில் என்னென்ன எழுதுகிறார்கள், எதை அடித்து எழுதியிருக்கிறார்கள், எதை எழுதாமல் மனதில் வைத்திருக்கிறார்கள். அடித்த இடங்கள்தான் தங்கம். எங்கே தவறு நடக்கிறது, அதை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். பங்கு பிரிக்கும் முறை படகுக்குப் படகு மாறும். ஒரு படகில் கேட்டதை எல்லாப் படகுக்கும் பொது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கருவிகள்

8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் தாராளம். 4 ஜிபி என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போடுங்கள், வேகம் கிடைக்கும். லேப்டாப்பே இல்லை என்றால் முதல் சில வாரங்களை ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் செயலியில் ஓட்டலாம். அதை எஃப்-டிராய்டு என்ற செயலித் தளத்திலிருந்து இறக்குங்கள். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று யூஎஸ்பி துளைகளை அரித்துவிடும். வேலை முடிந்ததும் லேப்டாப்பை உறையில் போட்டு வையுங்கள், சன்னலோரம் விடாதீர்கள்.

மொழி பைதான். ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா, கோ எல்லாமே நல்ல மொழிகள்தான், ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு ஒன்று போதும். விண்டோஸில் பைதானை நிறுவும்போது முதல் திரையின் அடியில் 'பாத்'தில் சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதை டிக் செய்யுங்கள். விட்டுவிட்டால் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சன்னலில்) பைதான் என்று தட்டியதும் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும்.

அடுத்து ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரு தனிச் சூழல். 'பைதான் -எம் வென்வ் வென்வ்' என்று தட்டினால் அந்தத் திட்டத்துக்கு மட்டுமான பைதான் இடம் உருவாகும். அதை ஆக்டிவேட் செய்தபின்தான் 'பிப் இன்ஸ்டால் ஃபிளாஸ்க்'. ஃபிளாஸ்க் என்பது பைதானில் சர்வர் எழுத உதவும் நூலகம். விண்டோஸ் பவர்ஷெல்லில் ஆக்டிவேட் செய்யும்போது ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தால் பழைய கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அங்கே செய்யுங்கள். மறுநாள் டெர்மினலைத் திறந்து, ஆக்டிவேட் செய்ய மறந்து, ஃபிளாஸ்க் கிடைக்கவில்லை என்று பிழை வருவது எல்லோருக்கும் நடப்பது. நிறுவியது அழிந்துபோகவில்லை, நீங்கள் வேறு இடத்தில் நிற்கிறீர்கள். இன்னொன்று: உங்கள் கோப்புக்கு flask என்ற அதே பெயரை ஆங்கிலத்தில் வைத்துவிடாதீர்கள். பைதான் நூலகத்தைத் தேடாமல் உங்கள் கோப்பையே இழுத்துக்கொண்டு குழம்பும்.

முதல் ஆறு வாரம்: வெப் வேண்டாம்

தினம் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், முதல் ஆறு வாரம் டெர்மினலிலேயே இருங்கள். மாறி, நிபந்தனை, சுழற்சி, லிஸ்ட், டிக்ஷனரி, ஃபங்ஷன், கோப்பைப் படிப்பது, பிழையைப் பிடிப்பது என்ற வரிசை போதும். கிளாஸ் எழுதுவதெல்லாம் பிறகு வரட்டும்.

இந்தக் கட்டத்தின் வேலை: எடையும் கிலோ விலையும் கேட்டு, வரிகளைச் சேர்த்து, மொத்தம் சொல்லும் ஒரு நிரல். எழுதி முடித்ததும் அதைக் கெடுக்கப் பாருங்கள். எடை கேட்கும்போது வெறுமனே என்டர் தட்டுங்கள். '2,350' என்று காற்புள்ளியோடு தட்டுங்கள். மைனஸ் 5 கொடுங்கள். பைதானில் இன்புட் வாங்குவது எல்லாமே எழுத்தாகத்தான் வரும். எண்ணாக மாற்றாமல் 2-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 5 வராது, 23 வரும். உள்ளே வருவதை நம்பாமல் சோதித்து வாங்கும் பழக்கம் இங்கேயே வந்துவிட வேண்டும். பின்னால் எவ்வளவு பெரிய சர்வர் எழுதினாலும் பாதி வேலை இதுதான்.

ரிக்வெஸ்டும் ரெஸ்பான்ஸும்

போன் கேட்பது ரிக்வெஸ்ட், சர்வர் சொல்லும் பதில் ரெஸ்பான்ஸ். இரண்டுக்கும் நடுவே பேச்சு நடக்கும் முறை ஹெச்டிடிபி. ரிக்வெஸ்டில் நான்கு பகுதி: எந்தச் செயல், எந்த முகவரி, தலைப்பு வரிகள், உள்ளடக்கம். படித்துக் காட்டு என்பதற்கு கெட், புதிதாகப் பதிவு செய் என்பதற்கு போஸ்ட். முதல் மாதத்துக்கு இந்த இரண்டே போதும். கெட் எதையும் மாற்றக் கூடாது என்பதைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரவுசர்களும் தேடுபொறிகளும் கெட் முகவரிகளைத் தாமாகவே தொட்டுப் பார்க்கும். 'அழி' என்ற வேலையை ஒரு கெட் முகவரியில் வைத்தால் யாரும் கேட்காமலே பதிவு காணாமல்போகும்.

ஃபிளாஸ்கில் இரண்டு முகவரி எழுதுங்கள்: படகுப் பட்டியலைத் தருவது ஒன்று, எடைச்சீட்டைப் பதிவது ஒன்று. சோதிக்க பிரவுசரைவிட கர்ல் என்ற டெர்மினல் கருவி நல்லது, ஏனென்றால் என்ன போனது, என்ன வந்தது என்று மறைக்காமல் காட்டும். கட்டளையில் '-i' (சின்ன எழுத்து) சேர்த்தால் ஸ்டேட்டஸ் எண்ணும் தலைப்பு வரிகளும் தெரியும். விண்டோஸ் பவர்ஷெல்லில் கர்ல் என்று தட்டினால் சில பதிப்புகளில் வேறொரு கட்டளை ஓடும், 'கர்ல் டாட் இஎக்ஸ்இ' என்று முழுப்பெயர் தட்டுங்கள். போஸ்டில் ஜேசன் (பெயரும் மதிப்பும் ஜோடியாக எழுதும் வடிவம்) அனுப்பும்போது உள்ளடக்கம் ஜேசன் என்று கன்டென்ட்-டைப் வரியில் சொல்லாவிட்டால் ஃபிளாஸ்க் 415 என்று திருப்பிவிடும். கர்ல் தானாக அதைச் சொல்லாது.

ஸ்டேட்டஸ் எண்களைச் சரியாகத் திருப்புவது முன்பக்கம் எழுதுகிறவருக்குச் செய்யும் பெரிய உதவி. பதிவாகிவிட்டது 201. அனுப்பியதில் தவறு 400. யார் என்று தெரியவில்லை 401. யார் என்று தெரியும், ஆனால் அனுமதி இல்லை 403. அப்படி ஒன்று இல்லை 404. ஏற்கெனவே இருப்பதோடு மோதுகிறது 409. தவறு நம் பக்கம் 500. எல்லாவற்றுக்கும் 200 கொடுத்துவிட்டு உள்ளே 'எர்ரர்' என்று எழுதி அனுப்புவது மோசமான பழக்கம்.

அதே வைஃபையில் இருக்கும் போனிலிருந்து லேப்டாப் சர்வரைத் திறக்க முடியவில்லை என்றால், சர்வர் 127.0.0.1-இல் நிற்கிறது. அந்த முகவரி அந்தக் கணினிக்குள் மட்டும்தான். 0.0.0.0 என்று மாற்றி, லேப்டாப்பின் வைஃபை முகவரியைப் போனில் தட்டுங்கள். வீட்டுக்குள் சோதிக்க மட்டும் இப்படிச் செய்யலாம்.

டேபிள் பிரிப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். நிரலை மாற்றுவது சுலபம், ஒரு வருடப் பதிவு ஏறிய டேபிளை மாற்றுவது கடினம். எஸ்க்யூலைட்டில் தொடங்குங்கள். பைதானோடு கூடவே வருகிறது, முழு டேட்டாபேஸும் ஒரே கோப்பு, தனியாக ஒன்றும் நிறுவ வேண்டாம்.

நோட்டில் ஒரே பக்கத்தில் இருப்பதை ஐந்து டேபிளாகப் பிரியுங்கள். படகு. மீன் வகை. மீன்பாடு, அதாவது ஒரு படகு ஒரு தடவை கடலுக்குப் போய்த் திரும்பியது. எடைச்சீட்டு, அதாவது அந்த மீன்பாட்டில் தராசில் ஏறிய ஒவ்வொரு வரியும். முன்பணம், அதாவது வியாபாரி கொடுத்ததும் கழித்ததும். படகின் பெயரை ஒவ்வொரு எடைச்சீட்டிலும் எழுதாமல் மீன்பாட்டின் எண்ணை மட்டும் வையுங்கள். பெயர் மாறினால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும்.

படகின் பதிவெண்ணை எழுத்தாகச் சேமியுங்கள், எண்ணாக அல்ல. 'ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்' என்று தொடங்கும் அந்த எண்ணை ஒருவர் கோடு போட்டும், ஒருவர் இடைவெளி விட்டும், ஒருவர் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் எழுதியும் அனுப்புவார்கள். வாங்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றி, டேபிளின் அந்தப் பத்தியில் (காலத்தில்) யுனிக் என்று, அதாவது ஒரே மதிப்பு இரண்டு தடவை ஏறக் கூடாது என்று, கட்டுப்பாடு போடுங்கள். ஆனால் டேபிள்களை இணைக்க அதைப் பயன்படுத்த வேண்டாம். இணைப்புக்கு ஒரு சாதாரண வரிசை எண் வையுங்கள், ஏனென்றால் பதிவெண்ணைத் தப்பாகத் தட்டியிருந்தால் பிற்பாடு திருத்த வேண்டியிருக்கும்.

எஸ்க்யூலைட்டில் மூன்று இடத்தில் கால் இடறும். ஒரு டேபிள் சுட்டும் எண் இன்னொரு டேபிளில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சோதனை தானாக ஓடாது, டேட்டாபேஸோடு இணையும் ஒவ்வொரு தடவையும் 'பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இல்லாத படகுக்கும் மீன்பாடு ஏறிவிடும். எண் என்று அறிவித்த பத்தியில் எழுத்தைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். டேபிளை 'ஸ்ட்ரிக்ட்' என்று உருவாக்கினால் மறுக்கும், இது 2021-இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து உண்டு. மூன்றாவது, எழுதியபின் கமிட் (எழுதியதை உறுதிப்படுத்துவது) செய்யாமல் இணைப்பை மூடினால் பதிவு நிற்காது. சோதிக்கும்போது ஏறியது போலத் தெரிந்து, நிரலை மறுபடி ஓட்டும்போது காணவில்லை என்றால் முதலில் கமிட்டைத் தேடுங்கள்.

எடை, பணம், நேரம், தமிழ்

இந்த நான்கும்தான் உண்மையான கணக்கில் தலைவலி கொடுப்பவை.

பைதானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். கணினி தசமங்களை இரண்டின் அடுக்குகளில் வைப்பதால் வருவது இது. இப்படிப்பட்ட எண்களை ரவுண்ட் செய்து கூட்டும்போது நோட்டுக்கும் திரைக்கும் பைசா இடிக்கலாம், இடித்த அன்றே உங்கள் நிரல்மேல் நம்பிக்கை போய்விடும். அதனால் எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாகச் சேமியுங்கள். 2 கிலோ 350 கிராம் நண்டு, கிலோ 420 ரூபாய் என்றால் 2350-ஐ 42000-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 98700 பைசா, 987 ரூபாய். இதே 1 கிலோ 335 கிராம், கிலோ 365 ரூபாய் என்றால் 48727.5 பைசா வரும். அந்த அரைப் பைசா யாருக்கு? அதை நிரல் தீர்மானிக்கக் கூடாது. பைதானின் ரவுண்ட், சரிபாதியாக இருந்தால் இரட்டை எண்ணின் பக்கம் போகும்: 2.5 கொடுத்தால் 2, 3.5 கொடுத்தால் 4. வியாபாரி முழு ரூபாய்க்கு எப்படித் தள்ளுகிறார் என்று கேட்டு, அந்த விதியைத் தனி ஃபங்ஷனாக எழுதி, எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுங்கள்.

நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமிப்பது நல்ல வழக்கம். ஆனால் நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. 14-ஆம் தேதி அதிகாலை 4.45-க்கு ஏறிய எடைச்சீட்டு, யூடிசியில் 13-ஆம் தேதி இரவு 11.15. தேதி வாரியாக மொத்தம் போடும்போது யூடிசி தேதியை எடுத்தால், விடியற்காலை 5.30-க்கு முன் இறங்கிய மீன் முழுவதும் முந்தின நாள் கணக்கில் போய் உட்காரும். கரையில் வேலை சூடாக நடப்பதே அந்த நேரத்தில்தான். மொத்தம் போடுமுன் 'ஏசியா/கொல்கத்தா' நேரத்துக்கு மாற்றுங்கள். பகல் 12 மணிக்கு உட்கார்ந்து சோதித்தால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது, அதிகாலை நேரத்தைக் கொடுத்துச் சோதியுங்கள்.

தமிழில் மீன் பெயர் சேமிக்க எல்லா இடத்திலும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறை. 'நண்டு' நமக்கு மூன்று எழுத்து, பைதானின் எண்ணிக்கையில் ஐந்து, சேமிக்கும்போது 15 பைட். பெயரின் நீளத்துக்கு எல்லை வைக்கும்போது எதை எண்ணுகிறீர்கள் என்று தெரிந்து வையுங்கள். அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. 'கொடுவா'வில் உள்ள 'கொ' யூனிகோடில் இரண்டு விதமாக ஏறலாம்: ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஒரு கீபோர்டில் பதிந்த கொடுவாவை இன்னொரு கீபோர்டில் தேடினால் கிடைக்காமல்போவது இதனால். உள்ளே வாங்கும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் 'யூனிகோட்டேட்டா' நூலகத்தின் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி என்று கொடுத்து ஒரே வடிவமாக்குங்கள். மீன் பெயர்களை ஆளாளுக்குத் தட்ட விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பது இன்னும் நல்லது. சங்காயம் போல ஊர்வழக்குப் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில்

மற்றதை மேலோட்டமாகப் படித்தாலும் இந்தப் பகுதியை நிரல் எழுதிப் பார்த்தே தீர வேண்டும்.

இறங்குதளத்தில் எடை போடுகிறவர் போனில் சேமி என்று அழுத்துகிறார். ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போய்ச் சேர்ந்து பதிவாகிவிட்டது. பதில் திரும்பி வரும் வழியில் சிக்னல் போய்விட்டது. போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் மறுபடி அழுத்துகிறார். இப்போது 40 கிலோ இறால் இரண்டு தடவை ஏறியிருக்கிறது. இதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை, சர்வர் எழுதியவர் யோசிக்காததுதான் காரணம்.

மருந்து இது. எடைச்சீட்டுப் படிவம் திறந்தவுடனேயே போன் ஒரு தனி அடையாளத்தை, யூயூஐடி என்பதை, உருவாக்கி வைத்துக்கொள்ளட்டும். எத்தனை தடவை அழுத்தினாலும் அதே அடையாளம் போக வேண்டும். எடைச்சீட்டு டேபிளில் அதற்கு ஒரு பத்தி, அதில் யுனிக் கட்டுப்பாடு. முதல் தடவை வந்தால் பதிந்து 201. அதே அடையாளம் மறுபடி வந்தால் பழைய பதிவையே 200 என்று திருப்பிக் கொடுங்கள், பிழை என்று சொல்லாதீர்கள். அதே அடையாளத்தில் வேறு எடை வந்தால் மட்டும் 409.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். அடையாளத்தை அழுத்தும்போது உருவாக்கினால் இரண்டு அழுத்தலுக்கு இரண்டு அடையாளம், எல்லாம் வீண். அடுத்தது, 'ஏற்கெனவே இருக்கிறதா என்று பார், இல்லை என்றால் எழுது' என்று இரண்டு படியாக எழுதுவது. ஒரே நொடியில் இரண்டு ரிக்வெஸ்ட் வந்தால் இரண்டுமே பார்த்துவிட்டு, இல்லை என்று நினைத்து, இரண்டுமே எழுதும். அதனால் முதலில் எழுதப் பாருங்கள், யுனிக் தடுத்தால் அந்தப் பிழையைப் பிடித்துப் பழையதை எடுத்துக் கொடுங்கள். தடுக்கும் வேலை டேட்டாபேஸிடமே இருக்கட்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரே அடையாளத்தோடு 20 ரிக்வெஸ்டை ஒரே நேரத்தில் அனுப்பும் சின்ன நிரல் எழுதுங்கள். டேபிளில் ஒரே ஒரு வரி இருந்தால்தான் வேலை முடிந்தது.

சிக்னல் இல்லாத நேரத்தில் போனிலேயே வைத்திருந்து பிறகு அனுப்புவதானால், எடை போட்ட நேரம், சர்வருக்கு வந்த நேரம் என்று இரண்டு பத்தி வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால், ராத்திரி வந்து சேர்ந்த காலைச் சீட்டு எந்த நாளுடையது என்று யாருக்கும் தெரியாது.

முன்பணக் கழிவிலும் இதே கவனம். 'மீதி' என்று ஒரு பத்தி வைத்து, அதைப் படித்து, கழித்து, திரும்ப எழுதினால், இரண்டு பேர் ஒரே சமயத்தில் செய்யும்போது ஒருவரின் கழிவு மறைந்துவிடும். மீதியைச் சேமிக்கவே வேண்டாம். கொடுத்தது, கழித்தது எல்லாவற்றையும் தனித்தனி வரியாக வைத்து, கேட்கும்போது கூட்டிச் சொல்லுங்கள். எடைச்சீட்டு ஏறுவதும் முன்பணம் கழிவதும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் இருக்க வேண்டும்: இரண்டும் நடக்க வேண்டும், இல்லை இரண்டும் நடக்கக் கூடாது. பழைய வரியைத் திருத்தும்போது மேலேயே மாற்றி எழுதாமல், ரத்து என்று ஒரு வரியும் புது வரியும் போடுங்கள். நோட்டில் அடித்து எழுதுவதும் அதற்காகத்தான், பழைய எண் தெரிந்தால்தான் பேச முடியும்.

பூட்டு

டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்க்யூஎல் வரிக்குள் பயனர் தட்டியதை ஒட்டி எழுதாதீர்கள். கேள்விக்குறி வைத்து, மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். திருடன் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை: 'செயின்ட் பீட்டர்'ஸ்' என்று ஒற்றை மேற்கோள் உள்ள படகுப் பெயரை ஒருவர் நல்லெண்ணத்தோடு பதிந்தாலே ஒட்டி எழுதிய வரி உடைந்துவிடும்.

கடவுச்சொல்லை அப்படியே சேமிக்கக் கூடாது. ஃபிளாஸ்கோடு வரும் வெர்க்சைக் நூலகத்தில் கடவுச்சொல்லை ஹாஷ் செய்வதற்கும் (திரும்ப எடுக்க முடியாத வடிவமாக்குவதற்கும்) சரிபார்ப்பதற்கும் ஃபங்ஷன்கள் இருக்கின்றன, அவற்றையே எடுங்கள். சொந்தமாகக் கண்டுபிடிக்கும் இடம் இதுவல்ல.

மிகச் சாதாரணமாக விட்டுப்போகும் ஓட்டை வேறு. 7-ஆம் எண் படகின் உரிமையாளர் முகவரியில் 7-ஐ 8 ஆக்கினால் பக்கத்துப் படகின் கணக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். லாகின் சரியாக இருந்தும் இது நடக்கும். படகை எடுக்கும் ஒவ்வொரு வரியிலும் 'இந்த உரிமையாளருடையது' என்ற நிபந்தனை சேர வேண்டும், அந்த உரிமையாளர் எண் லாகினில் உறுதியான செஷனிலிருந்து வர வேண்டும், ரிக்வெஸ்டிலிருந்து அல்ல.

பிழைச் செய்தி படிப்பது

பைதான் பிழை பத்துப் பதினைந்து வரி கொட்டும். கடைசி வரியை முதலில் படியுங்கள், என்ன பிழை என்று அங்கே இருக்கும். பிறகு கீழிருந்து மேலே போய், உங்கள் கோப்பின் பெயர் வரும் முதல் இடத்தில் நில்லுங்கள். முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் என்றால் பழைய சர்வர் இன்னொரு டெர்மினல் சன்னலில் ஓடிக்கொண்டிருக்கிறது. டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது என்றால் எங்கோ கமிட் செய்யாத டிரான்ஸாக்ஷன் திறந்து கிடக்கிறது. ஏஐ கருவிகளிடம் பிழையின் பொருளைக் கேளுங்கள், காரணத்தைக் கேளுங்கள். நிரலை அப்படியே வாங்கி ஒட்டுவதை முதல் ஆறு மாதம் தவிர்த்துவிடுங்கள்.

நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவி முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். தினமும் வேலை முடிந்ததும் கமிட் (இது கிட்டில் பதிவது, டேட்டாபேஸ் கமிட் வேறு), தொலைவில் உள்ள இடத்துக்கு புஷ். கடவுச்சொற்களும் சாவிகளும் தனிக் கோப்பில், அந்தக் கோப்பின் பெயர் கிட்இக்னோரில், அதாவது கிட் தொடக் கூடாதவற்றின் பட்டியலில். தவறிப்போய் ஒரு சாவி புஷ் ஆகிவிட்டால், கோப்பை அழித்தால் போதாது, பழைய வரலாற்றில் அது இருக்கும். சாவியையே மாற்றுங்கள்.

ஊருக்குத் திறந்துவிடுவது

1 ஜிபி ரேம் உள்ள சின்ன விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கணினி), அதில் உபுண்டு லினக்ஸ். தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் வழியில் சாவி வைத்து நுழைந்து, கடவுச்சொல் வழியை அடைத்துவிடுங்கள். ஃபயர்வாலில் 22, 80, 443 போர்ட்கள் (சர்வரின் வாசல் எண்கள்) மட்டும் திறப்பு. ஃபிளாஸ்கின் சொந்தச் சர்வர் பழகுவதற்கு மட்டும்தான், இங்கே உங்கள் நிரலைத் தாங்கி ஓட்டும் குனிகார்ன் ஓட வேண்டும். அது 127.0.0.1-இல் 8000-ஆம் போர்ட்டில் நிற்கும், அதற்கு முன்னால், வெளியிலிருந்து வரும் ரிக்வெஸ்டை வாங்கி அதற்குக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ். சர்வர் மறுபடி கிளம்பினாலும் நிரல் தானாக எழ சிஸ்டம்டி கோப்பு. ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும், புதுப்பிக்கும் வேலையை செர்ட்பாட் பார்த்துக்கொள்ளும்.

502 வந்தால் என்ஜின்எக்ஸ் நன்றாக இருக்கிறது, பின்னால் குனிகார்ன் விழுந்துகிடக்கிறது. சர்வரின் பதிவுகளைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் காரணம் தெரியும். ஃபிளாஸ்கில் பிழை தேட உதவும் டீபக் முறையை அணைக்காமல் திறந்துவிடவே கூடாது. பிழை வந்த பக்கத்திலிருந்தே உங்கள் சர்வரில் நிரல் ஓட்ட அது வழிவிடும்.

டாக்கர், குபர்னெட்டஸ், மைக்ரோசர்வீஸ் எதுவும் இந்த அளவுக்குத் தேவையில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை மட்டும் அடுத்த படியாகக் கற்றுக்கொள்ளுங்கள். நிறையப் பேர் ஒரே நேரத்தில் எழுதும் நாள் வந்தால் எஸ்க்யூலைட்டிலிருந்து அதற்கு மாற வேண்டும். எஸ்க்யூலைட்டில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் எழுத முடியும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் பேக்கப் ஓட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் கோப்பை வெறுமனே நகல் எடுக்காதீர்கள், எழுதும் நடுவில் எடுத்த நகல் திறக்காமலே போகலாம். எஸ்க்யூலைட்டின் 'டாட் பேக்கப்' கட்டளை அதற்கென்றே இருக்கிறது. நேரம் வைத்து வேலை ஓட்டும் கிரானில் தினமும் ராத்திரி ஓட விட்டு, நகலை வேறு ஊரில் உள்ள சேமிப்பிடத்துக்கு அனுப்புங்கள். மாதம் ஒரு தடவை அந்த நகலை லேப்டாப்பில் இறக்கித் திறந்து, கடைசியாக மீன் இறங்கிய நாளின் மொத்த எடையைப் படகுக்காரரின் நோட்டோடு வரி வரியாக ஒத்துப் பாருங்கள்.